நாலு விரல்

சூரிச்சிலிருந்து கௌசிகா அனுப்பிய பெட்டிக்குள்
சொக்லட் உருகி உடுப்பில் அப்பியிருந்தது.
அதற்கடியில் சுண்டுவிரல் உயரத்தில்
ஒரு மண்ணிறப் போத்தல்.
லேபலில் பச்சைப் பழம், கீழே ஜேர்மன் எழுத்து.
மனம் ஆறும் மாமி, நல்லா நித்திரை வரும்
என்று வட்ஸ்அப்பில் குரல்.
எவ்வளவு, எங்கே, எப்போது
அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தேசிக்காய்த் தோலை நகத்தால் கிள்ளினால்
கண்ணில் தெறிக்குமே, அந்த மணம்.
பின்னால் தோடம்பழம்.
அதற்கும் பின்னால், தேயிலைப் பெட்டி திறந்ததுபோல ஒன்று.

விசுவமடுவில் கச்சானுக்குக் களைபிடுங்க
ஆள் கிடைக்காத மாதம்.
பிடரி மரக்கட்டையாய் இறுகிக் கிடந்தது.
தைலம்தானே என்று நாலு விரலை நனைத்து
காதடியிலிருந்து தோள்வரை இழுத்துவிட்டு
வெயிலில் இறங்கினேன்.
மத்தியானம்வரை மணந்தேன்.
தோட்டமே என்னைத் திரும்பிப் பார்த்ததாய் ஒரு பெருமை.

அடுத்தநாள் எரிவு.
மூன்றாம் நாள் கொப்புளம்.
அது வற்றிய பிறகு
கழுத்தில் நாலு கோடு, கபில நிறத்தில்,
யாரோ பிடித்து உலுக்கிய மாதிரி.

ஒருவரும் கேட்கவில்லை.
மாதர் சங்கக் கூட்டத்தில் தேத்தண்ணி தரும்போது
அருளம்மா என் பைக்குள் ஒரு துண்டைச் செருகினா.
தொலைபேசி இலக்கம் ஒன்று. பெயரில்லை.
சந்தியில், தேத்தண்ணிக் கடை வாங்கில்
புவிராசனுக்கு இடம் விடுவதை நிறுத்திவிட்டார்கள்.

குரல் உயர்த்தாத மனிசன் என்று பொய் சொல்லமாட்டேன்.
கை உயர்த்தாதவன்.
கரண்ட் போன இரவு விளக்கைத் தூக்கிப் பிடித்து
தன் விரல்களை அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில்,
தொடாமல், வைத்துப் பார்த்தான்.
பார், எனக்குப் பொருந்தாது, தடிச்ச விரல்
என்று சிரித்தான்.
பிறகு கனநேரம் விளக்கை இறக்கவில்லை.

தர்மபுரம் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டொக்டர்.
அவனை வெளியே அனுப்பிவிட்டு
மூன்று தரம் கேட்டா, மூன்று விதமாய்.
நான் பையிலிருந்து போத்தலை எடுத்து வைத்தேன்.
முகர்ந்தா. ஐயோ அம்மா என்றா.
இது வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுடும்.
இனித் தோலில் வேண்டாம், மணம் மட்டும் காணும்.
பஞ்சில் ஒரு சொட்டு. ஒன்றுதான்.
யன்னல் திறந்திருக்கட்டும்,
அரை மணியில் பஞ்சை வெளியே எறியுங்கோ.
குடிக்கிறதில்லை. கண்ணுக்குக் கிட்டவும் வேண்டாம்.
பிள்ளையள் எட்டாத உயரத்தில் வையுங்கோ,
பூனை இருந்தால் அதையும் வெளியே விடுங்கோ.
தலையிடித்தால் அன்றோடு நிற்பாட்டுங்கோ.
அடையாளம் போக மாதங்கள் எடுக்கும்,
அதுவரை கழுத்தை மூடுங்கோ.

மூடவில்லை. அடுத்த கூட்டத்தில்
போத்தலை உயர்த்திக் காட்டி முழுக்கதையும் சொன்னேன்.
கூரைத்தகரம் அதிரச் சிரித்தார்கள்.
அருளம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா.
அன்று பின்னேரமே வாங்கில் புவிராசனுக்கு இடம்.

சுதாஜினி மட்டும் சிரிக்கவில்லை.
எல்லாரும் போனபிறகு
சைக்கிளைப் பிடித்தபடி கேட்டாள்:
அக்கா, அந்த எண்ணெய் இந்த இடத்திலயும் சுடுமோ?
சட்டைக்கையைச் சுருட்டினாள்.
வெயில் ஒருநாளும் படாத
மேற்கையின் உட்பக்கம்.
எனக்குக் கொஞ்சம் தாறீங்களோ?
மணத்துக்கில்லை. போத்தல் ஒன்று வீட்டில் இருந்தால்
கேட்கிற ஆக்களுக்குக் காட்டலாம்.

போத்தலை நான் கொடுக்கவில்லை.
பையின் அடியில் கசங்கிக் கிடந்த துண்டைக் கொடுத்தேன்.
வாங்கினாள். வாசித்தாளா தெரியாது.
மடித்து மடித்து, நகமளவாக்கி
சைக்கிள் மணிக்குள் செருகினாள்.

இன்றிரவு யன்னலோரம் பஞ்சு.
ஒரு சொட்டு.
பூனை வெளியே நின்று கத்துகிறது.
அரை மணி முடிந்து பஞ்சையும் எறிந்தாயிற்று,
நித்திரை வரவில்லை.
கை போத்தலுக்குப் போகிறது.
ஒன்றுதான் என்றவ டொக்டர்.
ஒழுங்கைக்குள் ஒரு சைக்கிள் போகிறது,
மணியடிக்காமல்.