முழுச்சிவப்பு

சாப்பாடு தீர்ந்த வீடுகள்
ஜன்னலில் சிவப்புத் துணி கட்டுங்கள் என்று
ஒலிபெருக்கி வைத்த வண்டியொன்று
சோவாச்சா மேட்டில் திணறித் திணறி ஏறிச்
சொல்லிவிட்டு இறங்கிப் போயிற்று.

எங்களுக்குத் தீர்ந்து பத்து நாளாகிறது.
ஊரடங்குக்கு முன்
பொகோட்டா பேருந்துகளில் காப்பி விற்ற
எலியேசரின் மூன்று ஃபிளாஸ்க்குகளும்
கழுவிக் கவிழ்த்தபடி.
நேற்று ஒன்றைத் திறந்து
மகள் முகர்ந்துகொண்டிருந்தாள்.

பனேலா வெல்லக்கட்டியைக்
கொதிக்கும் நீரில் ஒருமுறை முக்கி எடுத்து
ஈரம் துடைத்து உயரத்தில் வைக்கிறேன்.
காலைக்கு ஒரு முக்கு. இரவுக்கு ஒரு முக்கு.
கட்டி இப்போது
கரைந்த சோப்புத் துண்டு அளவு.

சிவப்புக்கு எங்கே போவேன்?
திரைச்சீலை பச்சை. துண்டு மஞ்சள்.
என் பாவாடையில் சிவப்புப் பூக்கள் உண்டு.
அங்கங்கே பூப்பூவாய்ப் பசிக்கிறது என்றால்
வண்டிக்காரனுக்குப் புரியுமா?

வீட்டில் முழுச்சிவப்பு ஒன்றே ஒன்று:
எலியேசரின் சாந்தா ஃபே பனியன்.
முதுகில் பத்தொன்பது.
கல்யாணத்தன்று இரவல் கோட்டுக்கு அடியில்
அதைத்தான் போட்டிருந்தார்.

"அது கொடி, நூபியா" என்றார்.
அப்புறம் அன்று முழுக்கப் பேச்சில்லை.
விடியுமுன் அவரே எழுந்து
இரண்டு கைகளையும் கம்பியில் முடிந்து
தொங்கவிட்டிருந்தார்,
சரணடைந்த ஆள் மாதிரி.

மூன்று நாள் ஆடியது காற்றில்.
இடப்பக்கத்துத் தலையணை உறைக்கு
அரிசியும் பருப்பும் வந்தன.
வலப்பக்கத்துக் கிழிசல் கால்சராய்க்கு
உருளைக்கிழங்கு.
எங்களைத் தாண்டும்போது மட்டும்
வண்டிமேல் நின்ற பையன் முஷ்டியை உயர்த்தி
"சாம்பியன்!" என்று கூவினான்.

எலியேசர் சிரித்தார்.
ஐயோ, பதிலுக்குக் கையும் உயர்த்தினார்.

எதிர்வீட்டு ஆன்செல்மோ நீல அணிக்காரர்.
ஏதோ ஒரு பெனால்ட்டிக்காக
ஏழு வருடமாய் எங்களோடு பேசாதவர்.
"ஆட்டமே நடக்கலையே, யாருக்கய்யா கொடி?"
என்று ஜன்னலில் நின்று கேட்டார்.
நாங்கள் இருவருமே வாய் திறக்கவில்லை.
கொஞ்ச நேரம் பனியனைப் பார்த்தார்.
பிறகு கதவை மூடிக்கொண்டார்.

இரவு யாரோ தட்டினார்கள்.
முகக்கவசத்தோடு, நாலடி தள்ளி, அவர்.
வாசல்படியில் செய்தித்தாள் சுற்றிய நான்கு முட்டைகள்.
"சாந்தா ஃபேக்கு இல்லை இது" என்றார்.
போய்விட்டார்.

ஒரு முட்டை விரிசல் கண்டிருந்தது.
அதை முதலில் பொரித்தேன்.

இன்று காலை பனியனை
உள்வெளியாகத் திருப்பிக் கட்டினேன்.
எண்ணும் சின்னமும் சுவரைப் பார்க்க,
தையல் நூல்கள் தெருவைப் பார்க்க.
மதியம் மழை.
துணி எடுக்க ஓடிய மகளை
வழியிலேயே பிடித்து நிறுத்தினேன்.

நனையட்டும், விடு.
உள்ளே எடுத்தால்
சாப்பிட்டுவிட்டோம் என்று நினைப்பார்கள்.