வரி 203

ஹீயுமா படகின் சீட்டுக் கணக்கில்
ஒரு கார் மட்டும் இருமுறை ஏறியது.
இரவெல்லாம் லீஸ்பெட்
வரிக்கு வரி பிரிண்ட் தூவினாள்:
'இங்கே வந்தேன்'
'இதுவரை சரி'
'அட சனியனே'

மூன்றரைக்குப் பிழை சிக்கியது.
கமிட் போகவில்லை.
லின்டர் சிவப்பில் வாசித்தது:
41, 58, 112.
என்ன சொன்னாய் என்று அது கேட்பதில்லை;
வாய் திறந்ததே குற்றம்.

அழித்தாள்.
பட்டியலில் இல்லாதது 203:
உர்மஸ் எழுதியது,
'இதைக் கண்டுகொள்ளாதே' என்று
பக்கத்திலேயே லின்டருக்கு ஒரு குறிப்பு.
அவன் வேலையை விட்டு ஆறு வருடம்.
ஒவ்வொரு படகும் கிளம்பும்போது
யாரும் திறக்காத கோப்பில்
விழுகிறது:
'பனி கனம். மெதுவாகப் போ.'

ஜூலையிலும்.

அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது.
அதை மட்டும் திருத்திவிட்டு
மறுபடி அனுப்பினாள்.
போனது.