மூணு முனை

பதினெட்டு சென்ட்.
வில்லுக்குறி சானலுக்கு மேற்கே,
தென்னைக்கும் தென்னைக்கும் நடுவில்
வாழை அழுகிப்போகிற ஈரத்தில்
ஆடிச் சாரலோடு கணு கிள்ளி நட்டேன்.
விதையை நம்ப வேண்டாம் இதற்கு.
கணு மண்ணைத் தொட்டால் போதும்,
வேருக்குத் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

மருந்துக் கம்பெனிப் படிவத்தில்
பொற்றலைக்கையான்.
எங்கள் விளையில் மஞ்சக் கைதோன்னி.
என் பெயர் தங்கபுஷ்பம்.
எழுதிக்கொண்டிருந்த பையன் சிரித்துவிட்டான்:
"ஆளும் பயிரும் ஒண்ணாக்கும்."

சானல் கரையில் பறித்தது மூன்று கடவம்.
பாதி விளைக்குத்தான் கண்டது.
மிச்சத்துக்கு,
ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே தொங்கிய கொடியை
வாட்ச்மேன் லாசரிடம் கேட்டு அறுத்தேன்.
அதே மஞ்சள். அதே கணு.
"எவ்வளவு வேணும்னாலும் கொண்டு போ,
வெட்ட ஆள் தேடிட்டு இருக்கோம்."
அப்போதாவது யோசித்திருக்கலாம்.

ஐப்பசி மழையில் இரண்டும் பின்னிக்கொண்டன.
தரை தெரியவில்லை.
பால்வெட்டு முடித்துத் திரும்புகிறவர்கள்
சைக்கிளில் ஒரு கால் ஊன்றி நின்று பார்த்தார்கள்.
எனக்கும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

பச்சையில் நாற்பது கிலோ,
நிழலில் காய்ந்து ஏழு.
வடசேரிக்கு ஆட்டோவில் போன ஏழும்
பஸ்ஸில் திரும்பி வந்தது.

அதற்கு முன்
சோதனை மேசையில் ஷைனி
தண்ணீரில் ஊறிய இரண்டு இலையை விரித்துக் காட்டினாள்.
"இது நீட்டம், ஒத்த நுனி. இதுதான் நமக்கு.
இதுக்கு மூணு முனை. வெளிநாட்டுச் செடி,
அழகுக்குக் கொண்டாந்தது."
பூவைப் பார்க்கலையே நீ, என்றேன்.
"பூ சொல்லாது அக்கா."

மஞ்சளுக்குள் மஞ்சள் பிடுங்கக்
கூலிக்கு ஒருவரும் நிற்கவில்லை.
களை எதுண்ணு காட்டினா பிடுங்கலாம் என்று
செல்லத்தங்கம் ஒரு மணி நேரம் திணறிவிட்டுப் போனாள்,
அவள் பிடுங்கியதில் பாதி நல்லது.

பதினொரு நாள் முழங்காலில்.
நான்காம் நாளிலிருந்து கண் வேண்டியிருக்கவில்லை:
வழவழவென்றால் அது,
பூனை நாக்கு போல் உரசினால் இது.
ராத்திரி கண்ணை மூடினாலும்
இமைக்குள் மூணு முனை.
பிடுங்கியதையெல்லாம் வாரி
வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன்.
சானல் இருக்கிறதே, கொண்டுபோகட்டும்.

மாசியில் தண்ணீர் அடைத்தார்கள்.
ஆனியில் திறந்தார்கள்.
அடுத்த ஆடிக்குக் கடவத்தோடு கரையில் இறங்கினேன்.

இந்தக் கரையில் ஒருநாளும் இவ்வளவு பூ கண்டதில்லை.
குனிந்தேன். மூணு முனை.
பத்தடி தள்ளி, மூணு முனை.
பாலம் வரை நடந்தேன்.
பாலத்துக்கு அப்புறமும்.
படித்துறையில் போர்வை அலசிக்கொண்டிருந்தவள்
"எப்படிப் பூத்துக் கெடக்கு பாத்தியளா" என்றாள்.
ஆமா, என்றேன்.
விதைத்தது யார் என்று அவளும் கேட்கவில்லை.

யாரும் நடாமல், யாரும் நிறுக்காமல்
கரையில் கிடந்த செடிக்கு
இப்போது என் கம்பிவேலிக்குள் மட்டும் இடம்.
காட்டுச்செடி என்று இனி எப்படிச் சொல்வது?
பயிர் என்றுதான் ரசீதிலும் இருக்கிறது.

ஷைனி போனில் கேட்டாள்: இந்தத் தடவை எத்தனை?
ஏழு வரவேண்டியது. ஆறு என்றேன்.

அந்த ஒரு கிலோவுக்கான கணுக்களை
வெயில் தாழ்ந்தபின் கரைக்குக் கொண்டுபோனேன்.
ஒரு பாய் அளவுக்கு இடம் துப்புரவாக்கி
அழுத்தி அழுத்தி வைத்தேன்.
நாலு நாள் கழித்துப் பார்த்தால்
சுற்றிலுமிருந்து கை நீட்டியிருக்கிறது அது.
பிடுங்குகிறேன். வாரம் இரண்டு தடவை.

வீசுவதில்லை இப்போது.
சாக்கில் கட்டிக்கொண்டுவந்து
மொட்டைமாடிக் கான்கிரீட்டில் பரத்துகிறேன்,
ஒரு கணுவும் மண்ணைத் தொடாதபடி.
சாக ஒன்பது நாள் எடுக்கிறது.
ஆறாம் நாள் காலையிலும்
ஒரு பூ விரிந்திருந்தது.