ராத்திரிக்கு ஐந்து ஜிபி

வூச் நகரத்தில், மூடிய பஞ்சாலைக்குப் பின்தெருவில்,
செருப்புக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவே
என் கடை. அகலம் ஆறடி.
லெஷெக் முதல்முறை வந்தபோது
கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார் அதை,
மழையில் கிடந்த பூனையைப்போல.

பன்னிரண்டு வயது. கீலில் விரிசல்.
யூஎஸ்பி துளைகள் இரண்டு, ஒன்று செத்தது.
"இடம் போதவில்லை" என்றார்.
எதற்கு இடம் என்று நான் யாரையும் கேட்பதில்லை.
அவரே சொன்னார்.

மேல்வீட்டில் கயெடான் என்று ஒருவன்.
ராத்திரி முழுக்க நடக்கிறான், குதிகாலால்.
எட்டு அடி, ஒரு திருப்பம், எட்டு அடி.
குடியிருப்புச் சங்கம் கேட்டது: ஆதாரம் இருக்கிறதா?
அன்றிலிருந்து கூரையைப் பார்த்து ஒரு மைக்.
பத்து மணியிலிருந்து ஆறு வரை, சுருக்காத ஒலிக்கோப்பு.
சுருக்கினால் கோர்ட்டில் செல்லாது என்று
டிராமில் யாரோ சொன்னார்களாம்.

மணிக்கு அறுநூற்று முப்பது எம்பி.
ராத்திரிக்கு ஐந்து ஜிபி.
உள்ளே இருந்த இருநூற்றைம்பது
ஐம்பது ராத்திரியில் தீர்ந்துபோனது.

டிவிடி டிரைவைப் பிடுங்கினேன்.
அதற்குள் ஒரு நூலக வட்டு: இத்தாலிய மொழி, பாடம் இரண்டு.
"அபராதம் எவ்வளவு ஆகியிருக்கும்?" என்று பதறினார்.
அந்தக் குழியில் ஒரு சட்டம், சட்டத்துக்குள் ஐந்நூறு ஜிபி.
நூறு ராத்திரி என்று வாய்விட்டுக் கணக்குப் போட்டார்.

மறுபடி வந்தார். வெளியே தொங்குவது ஒன்று, இரண்டு டெரா.
அடுத்த வருடம் இன்னொன்று.
உயிரோடிருந்த ஒரே துளையில் இரண்டையும் கொடுக்க,
டிக், டிக், டிக்,
மின்சாரம் போதாமல்
உள்ளே முள் எழுந்து எழுந்து விழுந்தது.

பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி.
நகத்தால் நெம்பினேன்.
எக்ஸ்பிரஸ்கார்டு வாசல்.
"இத்தனை வருடமும் இது இருந்ததா?"
சொந்த வீட்டில் பூட்டாத அறை ஒன்றைக்
கண்டுபிடித்தவரின் கோபம் அவருக்கு.

அதில் ஒரு அட்டை.
அட்டையிலிருந்து ஹப். ஹப்புக்குத் தனி அடாப்டர்.
ஒயர்கள் மேசை தாண்டித் தரைக்கு இறங்கின.
மடிக்கணினி என்று பெயர்தான்;
அது மடியை விட்டு இறங்கி
வெகுநாள் ஆகிவிட்டது.

நவம்பரில் வந்தார். நிரம்பிவிட்டதாம்.
திறந்து பார்த்தேன்.
கடைசி நூற்று நாற்பது கோப்புகளில்
அலைக்கோடு மேசை விளிம்புபோல் நேராக.

"கயெடான்?"
"ஜூனில் காலி செய்துவிட்டான். க்தான்ஸ்க் பக்கமாம்."
"அப்புறம் எதைப் பதிகிறீர்கள்?"
தொப்பியைக் கழற்றினார். போட்டுக்கொண்டார்.
"திரும்பி வந்துவிட்டால்?"

மௌனத்துக்கும் மணிக்கு
அதே அறுநூற்று முப்பது.
ஒரு பைட் குறையவில்லை.
அதை அழித்தால் எழுநூறு ஜிபி காலியாகும் என்றேன்.
"அதை மட்டும் தொடாதே."
தூக்கம் வராத ராத்திரிகளில்
அதைத்தான் போட்டுக் கேட்கிறாராம்.

பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார்.
கதவிடுக்கில் கிடந்ததாம். பென்சில் எழுத்து,
கீழ்வீட்டு ஹால்ஷ்கா.
'இரவெல்லாம் உங்கள் தரையில் ஏதோ முனகுகிறது.
என் அலமாரிக் குவளைகளும் சேர்ந்துகொள்கின்றன.
குறித்து வைத்து வருகிறேன்.'
கீழே தேதிகள். பத்தொன்பது.

சுழலாத டிரைவின் விலையைச் சொன்னேன்.
விரல்களில் எண்ணிப் பார்த்தார். வேண்டாம்.
நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் கம்பளித் துண்டு
நான்கு எடுத்துக் கொடுத்தேன்,
டிரைவ்களுக்கு அடியில் வைக்க.
மூன்று ஸ்வாட்டி. சில்லறையாகவே தந்தார்.

கதவு வரை போனவர் திரும்பினார்.
"ரசீது போட்டுக் கொடு" என்றார்.
"தேதியோடு.
மணியும் எழுது."