பாம்பின் கால்

கான்சாஸில், சலைனா ஊரைத் தாண்டி,
தானியக் குதிர்களின் நிழல்
சாலையில் குறுக்கே விழும் திருப்பத்தில்
கண்ணாடியில் அட்டை செருகி நிற்கிறது
ஒரு நல்லபாம்பு.

அப்படித்தான் பெயர் அந்த ஜாதி வண்டிக்கு.
அறுபதுகளில் பந்தயத் திடல்களில் சீறிய அசல்கள்
இன்று பணக்காரர்களின் குளிரூட்டிய அறைகளில்
தூசு படாமல் தூங்குகின்றன.
இது நாரிழையில் வார்த்தது.
பதினோரு பெட்டிகளில் வந்தது,
ஒரு பெட்டி முழுக்கத் திருகாணி.
எஞ்சின், ஓக்லஹோமாவில்
மான் மோதிச் செத்த போலீஸ் கார் ஒன்றினுடையது.

நிறத்தைச் சொல்லவேண்டும்.
ஆரஞ்சு என்றால் பழம் கோபித்துக்கொள்ளும்.
அதில் தங்கத்தூள் வேறு.
முதுகில் இரண்டு வெள்ளைப் பட்டை,
இடுப்பின் இருபுறமும் குரோமியம் பூசிய புகைக்குழாய்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை இதில் கோயிலுக்குத் தாமதமாய் வந்தபோது
பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்தி
சத்தம் அடங்கும்வரை
மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டெல்பர்ட் கோப்பெக்கிக்குத் தொழில்
காது கேளாதவர்களுக்குக் கருவி விற்பது.
வியாபாரத்தைப் பெருக்கத்தான் இந்த வண்டி என்று
ஊரில் ஒரு பேச்சு.
விற்கக் காரணம் முதுகு.
உள்ளே இறங்க முடிகிறது,
வெளியே ஏறத்தான் முடியவில்லை.

அட்டையில் முதல் வரி: இது அசல் அல்ல.
"யாராவது அதைப் போய் முதலில் எழுதுவார்களா?"
டென்வரிலிருந்து மகள் போனில் கத்தினாள்.
கவரிங் வளையலைக் கவரிங் என்றே சொல்லி விற்பவனின்
சின்ன நிமிர்வு ஒன்று
அந்தக் கோணல் எழுத்தில் இருந்தது.

டல்சாவிலிருந்து டாக்டர் ஸ்ட்ரேக் வந்தார்,
பிள்ளைகளின் பல்வரிசைக்குக் கம்பி கட்டுகிறவர்.
கதவிடுக்கில் நகத்தை விட்டு இழுத்துப் பார்த்தார்.
பார்க்கட்டும்,
தானத்துக்கு வந்த மாடா என்ன.
பிறகு கேட்டார்:
"பார்க்கிறவர்களுக்குத் தெரியுமா?"
"நீங்கள் சொன்னால் தெரியும்."
"பழைய மாதிரி எண் பொறித்த தகடு ஒன்று
உள்ளே அடித்துத் தருவீர்களா? மேலே நாலாயிரம்."
காபி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போன டெல்பர்ட்
டாக்டரின் கார் கிளம்பும்வரை
வரவில்லை.

வியாழக்கிழமை ரோவீனா டட்டில்.
காலி டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டே வந்தார்,
எண்பதைத் தாண்டியவர், கடையில் பால் வாங்க வந்ததுபோல.
பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை.
எத்தனை மைல் என்று கேட்கவில்லை.
குனிந்து, ஜீன்ஸின் இடதுகாலைச் சுருட்டினார்.
கெண்டைச் சதையில் ஒரு தழும்பு,
தேய்ந்த காசுபோல் வழவழவென்று.

இடதுகால். ஓட்டுகிறவர் பக்கம்.
டெல்பர்ட் கணக்குப் போட்டுவிட்டார், கேட்கவில்லை.
தன் பேண்டைச் சுருட்டினார்.
அதே கால், அதே இடம்,
மூன்று வயதான சூடு, இன்னும் இளஞ்சிவப்பு.
"இது?"
"இதோ, இந்தக் குழாயில்தான்."
"ம்."
தன்னுடையது எந்த வருடம், எந்தத் திடல் என்று
அவர் சொல்லவில்லை.
டெல்பர்ட்டின் நாய் வந்து
இரண்டு கால்களையும் முகர்ந்துவிட்டுப் போனது.

"இந்த நிறத்துக்காக ரெண்டாயிரம் குறையுங்கள்."
"நிறத்துக்கென்றுதான் ரெண்டாயிரம் கூட்டியிருக்கிறேன்."
ஆயிரத்தில் முடிந்தது.

டிரெய்லரில் ஏற்றுவதற்கு முன் ஒரு சுற்று
போய் வருகிறேன் என்றார்.
குதிர்களுக்கிடையே போன சத்தம்
சுவருக்குச் சுவர் மோதித் திரும்பியது,
புறாக்கள் ஒரே உதறலாய் எழும்பின.
இதை வெளியே நின்று கேட்பது டெல்பர்ட்டுக்கு இதுவே முதல்முறை.
இவ்வளவு மோசமா, என்று நினைத்தார்.
இவ்வளவு நல்லா, என்றும்.
கையில் அட்டை இருந்தது, எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வண்டி வந்து நின்றது.
கதவைத் திறந்தவர் குழாயைப் பார்க்கவே இல்லை.
இடதுகால் மட்டும்
தானாக அகன்று, ஒரு சாண் தள்ளி,
தரையைத் தொட்டது.