பதினேழு

நத்தர்ஷாவின் கார் வந்து சேரும் முன்பே
அதன் வயிறு வேகத்தடையில் தேயும் சத்தம் வந்துவிட்டது.
சிவப்பு. இரண்டே சீட்டு. என்ஜின் முதுகுப் பக்கம்.
ஈப்போவில் அவர் மாமனார் ஓட்டியது,
கப்பலேறி வந்து கூத்தாநல்லூரில்
எட்டு வருஷம் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றது.

"பெட்ரோல் வேணாம். எத்தனால்ல ஓடணும்."
ஏன் என்றேன்.
"ஆக்டேன் நூறுக்கு மேல" என்றார்,
மாப்பிள்ளை சம்பளத்தைச் சொல்லும் குரலில்.

முதலில் ரப்பர் குழாய்களைக் கழற்றினேன்.
ஓர் இரவு ஊறப்போட்ட துண்டு
காலையில் கொண்டைக்கடலையாக உப்பியிருந்தது.
பிறகு இன்ஜெக்டர்கள்.
ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று பதினாலே முக்கால் பங்கு.
இதற்கு ஒன்பது போதும்.
அதே மூச்சுக்குக் கூடக் குடிக்கும் பிறவி.
மைலேஜ் விழும் என்று
அவரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கினேன்.

முப்பது வருஷமாக டேங்கில் படிந்த அரக்கை
ஒரே வாரத்தில் கரைத்துக் கொண்டுவந்து
ஃபில்டரில் கொட்டியது. பேதிக்குக் கொடுத்த கணக்காக.
நாலாவது ஃபில்டரில்தான் தெளிந்தது.

ஐப்பசி பிறந்தது.
வெண்ணாற்றுப் பாலத்தின் நடுவில் கார் இருமி நின்றது.
பெட்ரோல் என்றால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும்,
கையும் களவுமாகப் பிடிக்கலாம்.
இதில் கலந்தே போய்விடும்.
கண்ணாடிக் குழாயில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.
ஹைட்ரோமீட்டர் மட்டும்
இருக்க வேண்டியதைவிட ஒரு விரல்கடை மேலே மிதந்தது.

பேரல் தலையில் மழை தேங்கியிருந்திருக்கிறது.
இரவில் குளிர்ந்து சுருங்கும்போதெல்லாம்
மூடியின் திருகு வழியே
கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியிருக்கிறது.
மூடியை இறுக்காத பையனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது
மச்சான் அய்யாறப்பன் போன்.

"இருபத்தொண்ணு காட்டுது மாப்ளே.
பதினேழுக்கு மேல எடுக்கமாட்டாங்களாம்."
கொள்முதல் நிலையத்தில் ஒன்பதாவது நாள்.
தார்ப்பாய்க்குக் கீழே நெல் வெள்ளையாக வேர் விட்டிருந்தது.

மறுநாள் ஒருவன் லாரியோடு வந்தானாம்.
ஈரம் பார்க்கவில்லை, கருப்பு பார்க்கவில்லை.
"மொளச்சிருந்தாலும் பரவால்ல, ஆலைக்குத்தானே."
கிலோ ஒன்பது ரூபாய்.
மூட்டையில் பாதியை ஏற்றிவிட்டார்.
எனக்கு அடுத்த பேரல் வந்தபோது
ரசீதில் அந்த ஆலையின் பெயரே இருந்தது.
இந்தப் பேரல் வேறு நெல்லாக இருக்கும்,
அவ்வளவு சீக்கிரம் வடியாது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டைமிங்கை நாலு டிகிரி முன்னே தள்ளி
ராத்திரி ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன்.
பக்கத்து சீட்டில் மச்சான்,
முழங்கால் தாடையில் இடிக்க.
செக்போஸ்டில் ஏட்டு பின்பக்கம் போய் முகர்ந்தார்.
என் வாயில் குழாயை வைத்து ஊதச் சொன்னார்.
சைபர்.
காரையும் ஊதச் சொல்லலாமா என்று
அவர் ஒரு நொடி யோசித்தது முகத்தில் தெரிந்தது.

நீடாமங்கலம் ரோட்டில் ஒரு மிதி மிதித்தேன்.
முதுகைப் பிடித்துத் தள்ளியது.
மச்சான் அலறவில்லை. கேட்டார்:
"ஒரு மூட்டைக்கு எம்புட்டு தூரம் ஓடும்?"
மனசுக்குள் போட்டுப் பார்த்தேன்.
பதினோரு லிட்டர். லிட்டருக்கு ஏழு.
"எழுபது கிலோமீட்டர். கூடவும் வரும்."
"நம்ம வயல்லேர்ந்து நிலையம் நாலு கிலோமீட்டர்" என்றார்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

திருப்பத்தில் பாதி ரோட்டுக்கு நெல் காயப்போட்டிருந்தது,
ஓரமெல்லாம் கல் வைத்து.
முதல் கியருக்கு இறங்கினேன்.
இருநூறு போகும் வண்டி
நடக்கிறவன் வேகத்தில்,
சாராய வாசத்தோடு, கல்லை ஒட்டி ஒட்டிப் போனது.
எக்ஸாஸ்ட் சூடு வலப்பக்கத்து நெல்மேல்தான் அடித்தது.
யாருடையதோ.
அரை பாயிண்ட் இறங்கியிருக்குமா என்று
மச்சான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.