பள்ளி விடுமுறை

புஸ்பாகோமில் மூன்றாம் முறைதான் தேறியது எங்கள் வண்டி.
முதல் முறை அடுப்பு. இரண்டாம் முறை கட்டிலின் திருகாணி.
மூன்றாம் முறை வந்த அதிகாரி
காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி
மெத்தையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார்.
எதுவும் பேசாமல் இறங்கி முத்திரை குத்தினார்.

பத்தொன்பது வருஷம் அது பள்ளிக்கூட பஸ்.
செந்தூலிலிருந்து செத்தாபாக் வரை
முப்பத்தாறு பிள்ளைகள், முப்பத்தாறு தண்ணீர்ப் போத்தல்கள்.
மஞ்சளுக்கு மேல் பச்சை அடித்தோம், இரண்டு பூச்சு.
வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் இன்னும்
'பாஸ் செக்கோலா' என்று பக்கவாட்டில் எழும்பி வருகிறது
தழும்பு மாதிரி.
கடைசி இருக்கையை மட்டும் பிடுங்க மனம் வரவில்லை குணாளனுக்கு.
'ரிஷாந்தினி ஒரு மக்கு' என்று அதன் முதுகில்
யாரோ காம்பஸ் முனையால் கீறியிருக்கிறார்கள்.
அரிசி டின்னை அதில்தான் கட்டி வைத்தேன்.

சனிக்கிழமை, பசியாறாமல் கிளம்பினோம்.
நெடுஞ்சாலை வேண்டாம், லோரிகள் துரத்தும் என்று
பழைய பெந்தோங் சாலையைப் பிடித்தார்.
கோம்பாக் தாண்டி வீடுகள் மெலிந்து
தலைக்கு மேல் மூங்கில்கள் கை கோத்தபோது
இடப்பக்கம் ஆறு கேட்டது. தெரியவில்லை, கேட்டது.
பள்ளத்தின் அடியில் யாரோ
ஓயாமல் அரிசி களைவது போல.

வளைவு. இரண்டாம் கியர். வளைவு.
அலமாரிக்குள் கோப்பைகள் ஒன்றையொன்று குசலம் விசாரித்தன.
பார்த்தால் ஆறு வலப்பக்கம் இருந்தது.
எந்த இடத்தில் பாலம் கடந்தோம்
என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு நிழற்குடையிலும் இவர் பிரேக் மிதித்தார்.
ஆளில்லாத நிழற்குடைகள், பாசி பிடித்த பெஞ்சுகள்.
நாய் ஒன்று நின்ற இடத்தில் கதவையே திறந்துவிட்டார்.
"பழக்கம்" என்றார்.
நாயும் ஏறலாமா என்று கொஞ்சம் யோசித்தது.
உள்கண்ணாடியைப் பார்த்து உதடு அசைவதையும் கவனித்தேன்.
தலை எண்ணுகிறார்.
நான் ஒருத்தி. எத்தனை முறை எண்ணினாலும்.

உச்சிக்கு முன்னமே எஞ்சின் கொதித்தது.
ஆறு சாலையைத் தொடுகிற மாதிரி வரும் இடத்தில் ஒதுக்கினோம்.
ஆற்றையே மொண்டு ரேடியேட்டரில் ஊற்றினார்.
எதிர்ச்சரிவு மூடுபனிக்குள் போய்ப் போய் வந்தது.
மெகி கொதிக்க வைத்தேன், மேலே நெத்திலி.
மலையைப் பார்க்கத்தான் வந்தோம்.
இரவு பூராவும் மழை, ஜன்னலில் என் மூஞ்சிதான் தெரிந்தது.
சரிவில் நிறுத்தியிருந்ததால் விடியும்போது
இருவரும் ஒரே சுவரோடு ஒட்டிக் கிடந்தோம்.
நாலரைக்கு எழும்பும் மனுஷனோடு
பத்தொன்பது வருஷமாக நடக்காத காரியம்.

ஞாயிறு சாயங்காலம் செந்தூலில் லிப்ட் வேலை செய்யவில்லை.
இரண்டுமே. எங்களுடையது பதினான்காவது மாடி.
அரிசி டின், கேஸ் தோங், ஈர விரிப்பு.
மூன்றாம் மாடிவரை ஏறிவிட்டுத் திரும்பினோம்.
"கீழேயே படுத்துக்கலாமே" என்று சொன்னது
நானா அவரா என்பதில் இன்றுவரை தகராறு.

கார் பார்க் வேலிக்கு அந்தப் பக்கம்
கான்கிரீட் தொட்டிக்குள் நேராக, காப்பி நிறத்தில்,
ஒற்றை ஜப்பான் சிலிப்பரை உருட்டிக்கொண்டு
அதே ஆறு.
எந்த நிழற்குடையிலும் நிற்காமல்
எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

திங்கள் விடியவில்லை, கதவில் தட்டல்.
பை மாட்டிய ஒரு சின்னப் பெண், பாதித் தூக்கத்தில்.
தெருவிளக்கு பச்சைக்குள்ளிருந்து மஞ்சளைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.
அடுப்பைப் பார்த்தாள். மெத்தையை. நைட்டியில் என்னை.
"அங்கிள், இது வேற பஸ்ஸா?"
"வேற பஸ்தாம்மா. தூறுது, உன் பஸ் வர்றவரைக்கும் உட்காரு."

கடைசி இருக்கைக்குப் போய்
அரிசி டின்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.
முதுகில் விரலை வைத்துப் படித்தாள்.
"ரிஷாந்தினி யாரு?"

இவர் பதில் சொல்லவில்லை.
ஓட்டுநர் இருக்கையில், எஞ்சின் அணைந்தபடி,
கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
உதடு அசைந்தது.